ஊரெல்லாம் உலகம்மாள் குரல்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், தாழைக்குறிச்சி கண்டக்டர் பால்பாண்டி பாயிலிருந்து எழுந்து, அடுக்கடுக்காகத் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பல் விளக்கத் தண்ணீர் எங்கே என்று தன் மாமியாரின் குரலில் கேட்டார். அடுக்களையிலிருந்த அவர் மனைவி "இந்தா வாறேம்மா" என்று பதில் சொல்லிவிட்டு, அம்மாவை நேற்றே கடையநல்லூருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டோமே என்ற நினைவு வந்து, கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். முற்றத்தில் புருஷன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "என்னட்டி முழிக்க" என்றார், அம்மா கேட்கிற மாதிரியே.

அந்த வாரத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தாழைக்குறிச்சிக்குள் யாருக்கு யாரிடமிருந்து நோய் ஒட்டினாலும், கொடுத்தவர் அப்போது எந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தாரோ அந்தக் குரலும் நோயோடு சேர்ந்து வந்துவிடும். நோய் போகிற அன்றைக்குக் குரலும் போய், சொந்தக் குரல் வீட்டுக்குத் திரும்பிவரும். வெளியூரில் பிடித்த நோய்க்கு இந்த வித்தை கிடையாது. பால்பாண்டியின் மாமியார் கடையநல்லூரில் பிடித்த சளியோடு வந்து, இரண்டு நாள் தங்கி, பேரனுக்கு ஊட்டி, மருமகனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊர் போய்ச் சேர்ந்து மூக்கு காய்ந்த பிறகும் அவர் குரல் மருமகனோடு பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் இருந்தவர்களோடு இறங்கி, அவர் கால் பட்டே இராத தெருக்களிலெல்லாம் கறிவேப்பிலை கேட்டது.

ஏன் இப்படி என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். கோயில் பூசாரி ஒன்று சொன்னார்; செல்போன் கோபுரத்தைக் காட்டி எலக்ட்ரீசியன் வேறொன்று சொன்னார். அதற்குள் கண்வலி வந்துவிட்டது. யார் குரல் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பதில் ஊர் மும்முரமாகி, காரணம் கேட்பதை மறந்தே போனது.

கார்த்திகையில் ஒரு கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள், பாதிக் கல்யாண வீடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையல்காரர் சங்கரலிங்கத்தின் கட்டைக்குரலில் முனகியது. மாப்பிள்ளை அந்தக் குரலில் மணப்பெண்ணை "கண்ணு" என்று கூப்பிட, அவள் பயந்து பிறந்த வீட்டுக்குப் போனாள். சங்கரலிங்கம் தெருவில் நடந்தார், ஜன்னலுக்கு ஜன்னல் தன் குரலே "யம்மா, யம்மா" என்பதைக் கேட்டார், கடைசி வீட்டுக்கு முன் நின்று, "அன்னைக்கு எனக்கும் வயிறு சரியில்ல. கொல்லைக்குப் போயிட்டு வந்து, கைய வேட்டியில தொடச்சுட்டுத்தான் பாயசத்துக்கு முந்திரி அள்ளிப் போட்டேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அதன் பிறகு அவர் சமையல்கட்டில் சோப்பு இல்லாமல் அடுப்பு பற்றியதில்லை.

கீழத்தெருவில் காய்ச்சலில் கிடந்த சிலர், மேலத்தெரு பஞ்சர் கடை ஐயாத்துரையின் குரலில் உடம்பு வலிக்கிறது என்றார்கள். ஐயாத்துரையோ அந்தக் காய்ச்சலில் கடையை விட்டு நகரவில்லை, அவர்களும் அந்தப் பக்கம் போகவில்லை. கிராம சுகாதார நர்ஸ் ஞானசெல்வம் தெரு நெடுகத் தேடிப்போய், இரண்டு தெருவுக்கும் நடுவில் கிடந்த பழைய டயர்களைக் கவிழ்த்து, உள்ளே நெளிந்ததைக் காட்டி, "ஆள் வரல. கொசு வந்திருக்கு. இவரக் கடிச்ச கொசு உங்களக் கடிச்சா, இவரு ஏன் உங்க வீட்டுக்கு வரணும்" என்றார்.

நடுத்தெருப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. கழுத்து வீங்கின பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்பது அங்கே வழக்கம். அந்தத் தெருவில் போடுகிற மாதிரிச் சங்கிலி மாரித்தங்கத்திடம் மட்டும்தான் இருந்தது. அவள் மகளுக்குத்தான் முதலில் வீங்கியது. பிறகு எந்த வீட்டில் கேட்டாலும், சங்கிலியைக் கையிலும் வீக்கம் வடியாத மகளை இடுப்பிலும் வைத்துக்கொண்டு போய், மகளைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு, நோயாளிப் பிள்ளைக்குச் சங்கிலி மாட்டி, அதன் அண்ணன் தங்கைகளையும் கொஞ்சி, பேசியிருந்துவிட்டு வருவாள். தெருப்பிள்ளைகள் எல்லாம் அவள் மகளின் மழலையில் பேச ஆரம்பித்ததும், பெண்கள் கூடி சங்கிலியை வெந்நீரில் போட்டு வேகவைத்தார்கள். ஞானசெல்வம் சிரித்தார். "சங்கிலி என்ன பாவம் பண்ணுச்சு. அது கூடப் போன பாப்பாவ யாரு ஏக்கா வேக வைக்கது?" மறுநாள் முதல் சங்கிலி ஒரு பவுடர் டப்பாவில், சுவர் மேல் வழியாக, தனியாகப் பயணம் செய்தது.

வந்தவற்றைப் போலவே வராததையும் ஊர் கவனித்தது. தையல்கடை நம்பிராஜனுக்குக் கையிலும் உதட்டிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. டீக்கடையில் அவருக்கென்று ஓரமாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். எத்தனையோ குரல்கள் ஊரைச் சுற்றியும் நம்பிராஜன் குரலில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் டீ மாஸ்டர் எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரில் அவருக்கு டீயை ஆற்றி நீட்டினார். நம்பிராஜன் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்குரலு ஒருத்தனுக்கும் வேண்டாம்னு இருந்ததும் நல்லதுக்குத்தாம்வே" என்றார். டீக்கடையே சிரித்தது, மாஸ்டர் மட்டும் வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்தார்.

பாத்திர வாடகைக் கடை ஆவுடையப்பன் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், எதையும் செய்வதற்கு முன் ஒரு தடவையும் செய்த பின் பல தடவையும் யோசிக்கிறவர். ஊரில் எந்த விசேஷத்துக்கும் அண்டாவும் டம்ளரும் அவர் கடையிலிருந்துதான் போகும். பந்தி முடிந்ததும் டம்ளர்களை ஒரு பெரிய அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்து, அடுத்த பந்திக்கு அனுப்புவது அவர் அப்பா காலத்து வழக்கம். தண்ணீர் சாம்பல் நிறமாகும்வரை மாற்றுவதில்லை. ஞானசெல்வம் வந்து அந்த அண்டாவை ஒரு பார்வை பார்த்த பிறகு, சோப்புப் போட்டு, ஓடுகிற குழாயில் அலசி, வெந்நீர் ஊற்றி எடுக்கிற வழக்கம் வந்தது. நேரம் இரட்டிப்பாகிறது என்று முணுமுணுத்தாலும் அவர் அதைச் சரியாகச் செய்தார்.

அவர் மனைவி உலகம்மாள் குலவை போடுவாள். பூப்பு நீராட்டோ கல்யாணமோ கோயில் கொடையோ, நாக்கைச் சுழற்றிக் குலவை எடுக்கிற பெண்கள் எத்தனை பேர் இருந்தாலும், உலகம்மாள் வந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அவள் குலவை ஏறும், சுழலும், இறங்கும். முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் ஒரு சின்ன வால் வைப்பாள். அந்த வாலுக்காகவே குழந்தைகள் கைதட்டும்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். அறுவைக்குப் போன அன்று, முந்தின தடவை அங்கே காத்திருந்த இடத்தில் யாரிடமோ வாங்கிய சளியோடு அவள் தும்ம, "இது போகட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த இடத்தில் அந்தச் சளி அவள் குரலோடு பூக்காரிக்கும் பக்கத்து வீட்டுக்கும் போனது. முதலில் போனது ஆவுடையப்பனுக்கு. ஒரு வாரம் அவர் தொண்டையில் மனைவியின் குரல் இருந்தது. கடையில் நாலு பேர் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு, துண்டை வாய்க்குக் குறுக்கே கட்டி, சைகையிலேயே வியாபாரம் செய்து அந்த வாரத்தைக் கழித்துவிட்டார். சளி போயிற்று. அறுவையும் நல்லபடியாக முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆனால் தொண்டையின் நரம்பு ஒன்று அசங்கிவிட்டதில், உலகம்மாளுக்குக் குரல் போய்க் காற்று மட்டும் மிஞ்சியது. மாதங்கள் கடந்தும் வரவில்லை. பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் அவள் பேசுவது கேட்கும்.

அவர்கள் மகள் அகிலாவுக்கு இது ஏழாம் மாதம். பங்குனியில் தாழைக்குறிச்சி வீட்டிலேயே வளைகாப்பு என்று முடிவானது. அதற்கு முன்னதாகவே வந்து இறங்கிய மகள், அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, "நீ குலவை போடாம எவ வளையல் மாட்டுனாலும் நான் கையக் குடுக்க மாட்டேன் பாத்துக்கோ" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் முந்தானையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டாள். உலகம்மாள் மகளின் தலையைத் தடவினாள். ஆவுடையப்பன் எழுந்து கடைக்குப் போய், எண்ணத் தேவையில்லாத கரண்டிகளை எண்ணினார்.

மறுநாள் தென்காசியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸின் பின்பக்கமிருந்து அவர் மனைவி, "டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

ஆவுடையப்பன் திரும்பினார். பால்பாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விசிலைச் சட்டையில் துடைத்தபடி வந்தார். "என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிய? மதினி குரல்தான். பூக்கடைப் பக்கமிருந்து சுத்திச் சுத்தி இப்ப எங்கிட்ட வந்திருக்கு. இத்தன நாளு யார் யார் மூக்குல குடியிருந்துச்சோ." ஆவுடையப்பன் தாழைக்குறிச்சியில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடி போனார். பால்பாண்டி சில்லறை இல்லை என்று ஒரு கிழவரிடம் சண்டை போட்டதைக்கூட, கச்சேரி கேட்கிற மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டார்.

அப்புறம் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அந்தச் சளியை வாங்கி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய், உலகம்மாளிடம் சேர்த்துவிட வேண்டும். சளி எப்படிப் பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டதையெல்லாம் செய்தார். பனியில் தலையில் துண்டில்லாமல் நின்றார். ஐஸ் தண்ணீர் குடித்தார். தயிரும் வாழைப்பழமும் வெள்ளரிக்காயுமாகத் தின்றார். வயிறு குளிர்ந்து நன்றாகத் தூக்கம் வந்ததே தவிர, ஒரு தும்மல் வரவில்லை. கடைசியில் பால்பாண்டி பாதி குடித்து வைத்த டீயைப் பிடுங்கிக் குடித்தார். அதற்கும் ஒன்றுமில்லை.

ஞானசெல்வத்திடம் போய், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தயிருல எங்க அண்ணாச்சி சளி இருக்கு. அது அடுத்தவங்க மூக்குலயும் கையிலயும் இருக்கு. மூஞ்சிக்கு நேரா தும்முனா வரும், பூட்டுன ரூமுக்குள்ள ஒண்ணா ஒக்காந்தா வரும், அவங்க தொட்டதத் தொட்டு நம்ம கண்ண மூக்கத் தேச்சா வரும். ஆனா உங்களுக்கு அப்பவே வந்து போயிட்டே? வந்து போனதுதான அது. உடம்பு அத அடையாளம் வச்சிருக்கும், இத்தன சீக்கிரம் திரும்ப உள்ள விடாது."

"உலகம்மாளுக்கு?"

"அவங்களுக்கும் அப்படித்தான். இந்த ஊர்லயே அந்தச் சளி பிடிக்க முடியாதவங்க நீங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பேரும்தான்." சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார்.

அன்று முழுவதும் ஆவுடையப்பன், துண்டைக் கட்டிக்கொண்டு ஊமையாக இருந்த அந்த ஒரு வாரத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு எதிரில் இருக்கிற டீக்கடைக்காரன் சிரித்திருப்பான், சிரித்தால் என்ன? அவள் பெயரை அவள் குரலாலேயே ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. தாழைக்குறிச்சி தேறிவிட்டிருந்தது. தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் தும்மினார்கள். சளி பிடித்தால் விசேஷத்துக்குப் போகாமல் வீட்டிலேயே ஜன்னலைத் திறந்துவைத்துக் கிடந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் கை கழுவினார்கள். பால்பாண்டியும் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். இப்படியே போனால் வளைகாப்புக்கு முன்னால் உலகம்மாளின் குரல் ஊரில் ஒரு தொண்டையிலும் இருக்காது.

மாரித்தங்கம் வீட்டில் மகளுக்குக் காதுகுத்து வந்தது. ஆவுடையப்பன் பால்பாண்டி வீட்டுக்குப் போய், "சாதா தடுமன்தானவே, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாரும்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, நடுப்பந்தியில் உட்காரவைத்தார். பந்தி முடிந்ததும் டம்ளர்கள் அவர் முன்னால் குவிந்தன. குழாய் பக்கத்திலேயே இருந்தது, சோப்பும் இருந்தது. அவர் ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து, பால்பாண்டியின் டம்ளரை முதலில் போட்டு, அப்பா காலத்தில் செய்த மாதிரி எல்லா டம்ளர்களையும் அதிலேயே முக்கி எடுத்து, இரண்டாம் பந்திக்கு அனுப்பினார்.

ஊருக்குள் உலகம்மாள் பேச ஆரம்பித்தாள். அல்வாக் கடை ஆறுமுகநயினாரின் வாயில் "சூடா இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் வசந்தாவின் வாயில் லீவு கேட்டாள். எதிர் வீட்டுப் போலீஸ் ஏட்டு சுடலைமணியின் பெரிய மீசைக்குக் கீழிருந்து, நோ பார்க்கிங்கில் நின்ற லாரிக்காரனைத் திட்டினாள். லாரிக்காரன் சண்டைக்கு வந்தவன், அந்தக் குரலைக் கேட்டுக் குழைந்துபோய், "சரிக்கா" என்று வண்டியை எடுத்தான். ஆவுடையப்பன் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று காரணமில்லாமல் தெருவில் நடந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஒரு காலையில் எதிர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. என்னவென்று போனார். ஏட்டின் அம்மா பிச்சம்மாள், இழுப்பு நோய்க்காரி, கட்டிலில் குந்தி உட்கார்ந்து தோள்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மகனிடமிருந்த சளி அவளுக்கும் இறங்கியிருந்தது.

"எய்யா, மூச்சு முட்டுது. மூச்சு முட்டுதுய்யா" என்று உலகம்மாள் குரலில் கெஞ்சினாள்.

"வண்டி வருதும்மா, இந்தா வந்துட்டு" என்று ஏட்டும் உலகம்மாள் குரலில் சொன்னார்.

ஆவுடையப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மூச்சுக்குத் தவித்தாள். அவர் மனைவியே அவளைத் தேற்றினாள். இரண்டு குரலும் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டன. 108 வந்து, பிச்சம்மாளை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் அந்த நிலையை விடவில்லை.

மாலைக்குள், மருந்துப் புகை வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்ததில் தேறிவிட்டாள் என்று செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் அவரால் வீட்டுக்குள் போக முடிந்தது. உலகம்மாளிடம் டம்ளர் கதையைச் சொன்னார். அவள் அவரை அருகே இழுத்து, காதோடு, "நான் குலவை போட ஊர்ல இருக்கவ மூக்கு ஒழுகணுமோ?" என்று காற்றால் கேட்டாள். "எங்குரல்ல ஒருத்தி உசுருக்குக் கெஞ்சியிருக்கா. அந்தக் குரல் எனக்கு எதுக்கு?" எழுந்து கடைக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். அவள் பந்தியிலிருந்து திரும்பிவந்த அந்த அண்டாவை ஒற்றையாளாகச் சாய்த்து, அதில் கிடந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "போங்க. சிஸ்டர்ட்ட சொல்லிட்டு வாங்க."

சொன்னார். ஞானசெல்வம் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. யார் யார் அந்தப் பந்தியில் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போனார். குரல் மாறினவர்கள் எல்லோரும் ஜன்னல்களைத் திறந்துவைத்து வீட்டோடு இருக்க வேண்டியது, வயதானவர்களையும் பிள்ளைகளையும் அண்டவிடக் கூடாது. அகிலா பக்கம் ஒருத்தரும் தலைகாட்டக் கூடாது. அகிலாவிடமும் அவள் அம்மாவிடமும் ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "குலவைக்குப் பதிலா நாதஸ்வரத்துக்கு ஏற்பாடு பண்ணிருதேன்" என்றார்.

வளைகாப்புக்குச் சில நாள் முன்னால், உலகம்மாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு மாடியில் தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏட்டு, "யக்கா, அம்மாவ நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாவளாம். நான் சரியாகுற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்னுட்டேன்" என்றார். தெரு அகலமான தெரு. பஸ் போகும். ஆனாலும் அவள் குரல் ஒரு எழுத்து விடாமல், மூக்கடைப்பு உட்படக் கேட்டது. உலகம்மாள் ஈரச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருவைக் குனிந்து பார்த்தாள். ஏட்டைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் படபடவென்று தட்டி, கீழே இருந்த புருஷனை மாடிக்கு வரவழைத்து, காதில் சொன்னாள்: "இந்தச் சளி தெருவத் தாண்டாதுல்லா? குரல் தாண்டுது."

ஞானசெல்வம் மாடிக்கு வந்தார். தூரத்தைப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காய்ந்த சேலையைப் பார்த்தார். "தெறந்த வெளி, காத்து இங்கருந்து அங்க போகுது. ஒருத்தருக்கொருத்தர் தள்ளித் தள்ளி நிக்கட்டும். நிகழ்ச்சிய மாடியில வைங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "நானும் வாறேன்" என்றார்.

குரல் மிச்சமிருந்தவர்கள் நாலே பேர்: ஏட்டு, இன்னும் சளி விடாத பால்பாண்டி, ஆறுமுகநயினார், வசந்தா டீச்சர். நாலு பேருக்கும் ஒருவருக்கொருவர் கொடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால், ஏட்டு வீட்டு மாடியில் சேர்ந்து நிற்பதில் தடையில்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. குரல் உலகம்மாளுடையது, நாக்கு அவரவருடையது. முதல் நாள் ஒத்திகையில் வந்த சத்தத்துக்குத் தெருநாய்கள் எழுந்து போயின. உலகம்மாள் இந்த மாடியில் நின்று நாக்கை ஆட்டிக் காட்டினாள். ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று கத்தினார்.

"ஏட்டய்யா, நாக்க ரெண்டு கடவாய்க்கும் மாத்தி மாத்தி அடிக்கணுமாம்."

"மீச குறுக்க வருது அண்ணாச்சி."

"அப்ப எடுத்துரும் வே" என்றார் பால்பாண்டி.

"நீரு விசில் ஊதுற மாதிரியே ஊதுதீரு, அத மொதல்ல நிறுத்தும்" என்றார் ஏட்டு.

"நயினாருக்கு நாக்கு திரும்ப மாட்டேங்காம், அல்வா ஒட்டிக்கிட்டு இருக்காம்" என்று டீச்சர் சொல்ல, நாலு தொண்டையிலிருந்தும் உலகம்மாள் சிரித்தாள். இந்தப் பக்கம் அவள் சத்தமில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

வளைகாப்பு அன்று மாடி முழுக்கப் பந்தல். சம்பந்தி வீட்டுப் பெண்கள் மாடிப்படி ஏறுமுன்பே குழாயடியில் வரிசையில் நின்று கை கழுவ வேண்டியிருந்ததில் முகத்தைச் சுளித்தார்கள். கழுவியபின், இவ்வளவு நுரை வருகிற சோப்பு எது என்று கேட்டார்கள். அகிலா பச்சைப் பட்டில் பலகையில் உட்கார்ந்தாள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். முதல் கண்ணாடி வளையலை மாமியார் எடுத்தபோது, அகிலா கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

உலகம்மாள் கைப்பிடிச் சுவரருகே போனாள். எதிர் மாடியில் தள்ளித் தள்ளி நாலு பேர், விறைப்பாக, ஏதோ தேர்வுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள். அவள் வலது கையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். அவள் நாக்கு அசைந்தது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து குலவை புறப்பட்டது.

ஒழுங்காக வரவில்லை. நயினார் முந்தினார், டீச்சர் பிந்தினார், பால்பாண்டி நடுவில் ஒரு தடவை இருமினார். ஆனால் தெருவின் மேலே எங்கோ ஒரு இடத்தில் நாலும் ஒன்றாகி ஏறியது, சுழன்றது, இறங்கியது. அவள் கை எங்கே உயர்ந்ததோ அங்கே உயர்ந்தது. ஆவுடையப்பன் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டை நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, கண் மூடியது. அந்தச் சத்தம் எதிர் மாடியிலிருந்து வரவில்லை, அவள் வாயிலிருந்துதான் வந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். குலவை முடிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் கையை இறக்கவில்லை. மூன்று பேர் வாயை மூடிவிட்டிருந்தார்கள். ஏட்டு மட்டும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலைச் சுண்டினாள். ஏட்டு வாலை வைத்தார்.

அகிலா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இரண்டு கையையும் நீட்டினாள். "உள்ள இருக்கதும் குதிக்கும்மா" என்றாள். அதுவரை உலகம்மாள் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்பட்டிருந்த தெருப்பெண்களெல்லாம் ஒருசேரக் குலவை எடுக்க, அதற்கு மேல் வளையல் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் நாலு பேருக்கும் மூக்கு காய்ந்தது. ஏட்டு, லாரி உறுமுகிற மாதிரியான தன் சொந்தக் குரலில், வாசலில் நின்று "யண்ணாச்சி" என்றபோது, ஆவுடையப்பன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வளைகாப்புக்கு வந்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு தும்மலும் வரவில்லை. உலகம்மாளின் குரல் ஊரில் இல்லை. அதை அவர் தேடவும் இல்லை.

வைகாசியில் அகிலாவுக்கு அரசு மருத்துவமனையில் பிரசவம். பெண் குழந்தை. பார்க்கப் போகிறவர்கள் முதலில் கை கழுவ வேண்டும் என்று ஞானசெல்வம் வராந்தாக் குழாயடியில் நின்று ஆட்களை மறித்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் கழுவி முடித்து, எதையும் தொட்டுவிடாமல், சொட்டுகிற கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஆவுடையப்பன் முழங்கைவரை நுரையோடு இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, மருத்துவமனை வாசலில் அன்றைக்கு டூட்டி ஏட்டு சுடலைமணிக்கு. யாரோ போய்ச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்திலிருந்து, கரகரவென்று, லாரி மேடேறுகிற மாதிரி ஒரு குலவை கிளம்பியது. சீட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது ஏறியது, சுழன்றது, இறங்கியது. சொந்தக் குரல்தான், முழுக்க முழுக்க அவருடைய கட்டைக்குரல். முடிந்துவிட்டது என்று எல்லோரும் திரும்பிக்கொண்டபோது, ஒரு கணம் நின்று, சின்னதாக ஒரு வால் வந்தது.

உலகம்மாள் ஈரக்கையை ஒதுக்கி, முழங்கையால் புருஷனை இடித்தாள். "என்னோடது" என்றாள், காற்றால்.

"சளிதான் எப்பவோ போயிட்டே சிஸ்டர்" என்றார் ஆவுடையப்பன். "இது எப்படி இன்னும் இவருகிட்ட இருக்கு?"

"அது நாக்குல ஒட்டுனது அண்ணாச்சி. அதுக்கு எங்கிட்ட சோப்பு இல்ல. நீங்க நகத்துக்கு இடையில தேயுங்க."

அவர் நகத்துக்கு இடையில் தேய்த்து, நுரை போக அலசி, குழாயை முழங்கையால் மூடிவிட்டு, கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உலகம்மாளின் பின்னால் உள்ளே போனார்.